நான்காம் கேள்வி

கைகோராவில் பள்ளி திறந்த அன்று
பழைய தேர்வுத் தாளையே கொடுத்தேன்.
வடக்கே சாலை சரிந்து கிடந்தது, தெற்கேயும்.
புதிதாக அச்சடிக்க மையும் வரவில்லை.
பிள்ளைகள் குனிந்து எதையாவது எழுதினால் போதும்
என்றிருந்தது எனக்கு.

நான்காம் கேள்வி:
கடலடி நிலம் மேலெழ எவ்வளவு காலம் ஆகும்?
விடைக்குறிப்பு என் கையெழுத்திலேயே இருக்கிறது:
பல லட்சம் ஆண்டுகள். மதிப்பெண் இரண்டு.

மெரேயானா எழுதியிருக்கிறாள்:
'இரண்டு நிமிடம்.
நான் மேசைக்கு அடியில் இருந்து எண்ணினேன்.'

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
தேநீர் போடலாமென்று எழுந்து
குழாயைத் திருகிய பிறகுதான்
தண்ணீர் வராது என்பது ஞாபகம் வந்தது.
தினமும் இப்படித்தான்.

பன்னிரண்டு வருடமாக இதே பாடம்.
பலகையில் இரண்டு தட்டுகள் வரைவேன்,
ஒன்றின் அடியில் ஒன்று நுழையும்.
மேசைவிரிப்பை இருபுறமும் நெருக்கி
மடிப்பு எழுவதைக் காட்டுவேன்.
'உங்கள் நகம் வளருமே, அந்த வேகம்' என்பேன்.
எல்லோரும் நகத்தைப் பார்ப்பார்கள்.
ஃபெர்கஸ் மட்டும் கடிப்பான்.

அந்த இரவு
நகம் பற்றி யாருக்கு ஞாபகம்?
அலமாரி நடந்து வந்து கதவை அடைத்துக்கொண்டது.
என் நிலவியல் புத்தகங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து
அடுக்குப் பாறைபோல் கிடந்தன.
அதைப் பார்த்துச் சிரித்தேனா அழுதேனா
என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மறுநாள், தாள்களைத் திருத்தாமலே,
முப்பத்தொரு பேரையும் கரைக்குக் கூட்டிப்போனேன்.
எங்களுக்கென்று ஒரு பாறை அங்கே உண்டு.
பருவத்துக்கு ஒருமுறை, நீர் வற்றும் வேளையில்
கோலை ஊன்றி ஆழத்தை அளந்து
நோட்டில் குறிப்போம்,
வீட்டு நிலைக்கதவில் பிள்ளையின் உயரம் குறிப்பதுபோல.
ஆகஸ்டுக் குறிப்பு: மெரேயானாவின் இடுப்பு.

அதே இடத்தில் நின்றாள்.
காலணி நனையவில்லை.
கடல் நாற்பது தப்படி தள்ளி
யாரோ போல நின்றது.
பாறையெங்கும் பாசி வெளுத்திருந்தது.
கெல்ப் பாசியின் தோல்வார்கள் குவிந்து நாறின.

"கடல் இறங்கிப் போச்சா மிஸ்?"
ஃபெர்கஸ் கேட்டான்.
நான் வாய் திறக்குமுன்
"இல்ல. நாமதான் ஏறிட்டோம்" என்றாள் மெரேயானா.

அத்தோடு என் பாடம் முடிந்தது.
மீதியை ராவிரி எடுத்துக்கொண்டான்.

அவன் அப்பா மூச்சை அடக்கி மூழ்கி
பாவுவா எடுக்கிறவர்.
உள்ளே நீலமும் பச்சையும் மினுங்கும் அந்தச் சிப்பிகள்
பாறையில் பாறையாகக் காய்ந்து கிடந்தன.
பெரும்பாலும் செத்தவை.
குழிகளில் தேங்கிய நீரில் சில
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.
ராவிரி பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டினான்.
உயிருள்ளவற்றை ஒவ்வொன்றாக நெம்பி உள்ளே வைத்தான்.
கடலை நோக்கி நடந்தான்.

பிறகு முப்பத்தொரு பைகளும் காலியாயின.
மதியச் சோற்றுப் பெட்டிகள், தொப்பிகள்,
என் குடை.
நிலம் உயர்வதை நான் கற்பித்திருக்கிறேன்.
உயர்ந்த மறுநாள்
என்ன தூக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்பது
என் குறிப்பேட்டில் எங்கும் இல்லை.

திரும்பும்போது பனி மூடிய மலை எதிரே இருந்தது.
தினமும் பார்க்கிற மலைதான்.
அதில் எத்தனை இரண்டு நிமிடங்கள் இருக்கும் என்று
முதல்முறையாகக் கணக்குப் போட்டேன்.
ஒவ்வொன்றிலும் யாரோ எதற்கோ அடியில்,
மீனோ பறவையோ,
எண்ணத் தெரியாமல் பதுங்கியிருக்கும்.

இரவு மறுபடி தாள்கள்.
விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
அல்லது, இரண்டு நிமிடம்.
மெரேயானாவுக்கு இரண்டு போடும்போது
மேசை லேசாக நடுங்கியது.
எண்ணின் வால் தாளின் விளிம்புவரை ஓடிற்று.
அழிக்கவில்லை.

அடுத்த தாள் ராவிரியுடையது.
மூன்றாம் கேள்விக்கு விடை இருக்கிறது, ஐந்தாவதுக்கும்.
நான்காவதில் எண்ணை மட்டும் எழுதி
கோடு போட்டு விட்டிருக்கிறான்.
பேனாவை மூடாமல்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.