சிறந்த சரளைச் சாலை

விண்ணப்பத்தை நிரப்பியவள் நான்தான்,
நகராட்சியின் கணக்கெழுத்தாளர்.
'இச்சாலையின் தனிச்சிறப்பு' என்ற கட்டத்தில்
இரண்டு நாள் யோசித்து எழுதினேன்:
பதினெட்டு மாதமாக ஒரு புகாரும் இல்லை.

ரெஜைனாவில், ஓட்டல் மாடியில் விருந்து.
தார்ச்சாலைக்காரர்கள் முன்வரிசையில்,
பளபளக்கும் காலணிகளோடு.
எங்கள் மேசையில் ஓரெஸ்ட் ஹ்ரின்கிவின் நாற்காலி காலி.
நாலு மணிக்கே அங்கே பனி பிடித்துவிட்டது.
"என் பங்குக் கோழியை நீயே தின்றுவிடு"
என்று போனில் சொல்லிவிட்டு
கிரேடரில் ஏறிவிட்டான்.

மேடையில் வாசித்தவருக்கு
அவன் பெயர் வாயில் நுழையவில்லை.
மூன்றாம் முறை பாதியிலேயே விட்டார்.
கைதட்டல் மட்டும் முழுசாக வந்தது.
கண்ணாடிக் கட்டி, செங்கல் கனம்.
மடியில் வைத்துக்கொண்டு
இருநூறு கிலோமீட்டர் வந்தேன்.

கொட்டகையில் கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்தான்.
"நடுவில் மேடே இல்லையே,
தண்ணீர் தேங்குமே" என்றான்.

ஏப்ரலில் மண் இளகியதும்
அதை கிரேடர் முகப்பில் நிறுத்தினான்,
காப்பிக் குவளைக்குப் பக்கத்தில், எதிலும் ஒட்டாமல்.
டிக்சன் பண்ணை வரை அசையவில்லை.
மதகு தாண்டி,
பள்ளிப் பேருந்து திரும்புகிற இடத்தில்
குப்புற விழுந்தது.

வண்டியை நிறுத்தினான்.
பின்னுக்கு எடுத்தான்.
அலகை இறக்கினான்.

அன்று முதல் தினமும் இதே கூத்து.

போன வாரம் ஒரு மூலை பெயர்ந்துவிட்டதாம்.
பசை வாங்கிய ரசீது என் மேசையில் கிடந்தது,
நாலு டாலர் எழுபது.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
சாலைப் பராமரிப்பு என்று எழுதினேன்.