பின்னால், மங்கலாக

பூத்துவிட்ட முள்ளங்கியைப்
பிடுங்கப் போகும்போதெல்லாம்
"ஒரு நாள் பொறு" என்பாள் லீலோ.
ஒரு நாளில் அது கட்டை தட்டிவிடும்,
வாயில் வைத்தால் விறகு.

சாரேமா தீவில் ஜூன் மாதம்
இரவு பதினொன்றுக்கும் வெயிலின் சாயல் போகாது.
அத்தனை வெளிச்சத்தில்
செடிகளுக்குப் புத்தி பேதலித்து,
கிழங்கு வைக்க மறந்து
எல்லாம் பூவாக எழும்பி நிற்கும்.
நட்டம் என்று நோட்டில் எழுதுவேன்.
அவள் கேமராவை எடுத்துவருவாள்.

நாங்கள் கடையில் வாங்குவது
உப்பு, தீப்பெட்டி, காபி,
அப்புறம் அவள் கேமராவுக்கு பேட்டரி.
கடைசியதை மட்டும்
"இதர" என்று குறித்துவைக்கிறேன்.

ஈர மண்ணில் குப்புறப் படுத்து
முழங்கையை உருளைப் பாத்தியில் ஊன்றி
காற்று நிற்கும்வரை மூச்சடக்கிக் கிடப்பாள்.
காற்று நிற்காது, கொசுதான் வரும்.
என்னைக் கூப்பிட்டு மறைப்பாக நிறுத்துவாள்:
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், தாவெத்."
கல்வேலி, வைக்கோல் போர், கட்டிய புருஷன்,
அந்த நேரத்தில் எல்லாம் ஒன்றுதான்.

ஜூலையில் ஆடுகள் கோஸ் பாத்தியில் புகுந்தன.
நாற்பத்திரண்டு செடி,
அப்போதுதான் தலை கட்ட ஆரம்பித்தவை.
குளிர்காலத்துக்கு உப்பிட்டு ஊறவைக்க
வேறொன்றும் இல்லை எங்களுக்கு.
மாசிக் கடைசிக் குருத்தை மென்றபடி
என்னைப் பார்த்தது,
கடன் கொடுத்தவள் பார்ப்பதுபோல.

"படலைச் சாத்தாமல் விட்டது நீதான்" என்றேன்.
லீலோ வாய் திறக்கவில்லை.
ஆகஸ்டிலும் சொன்னேன்.
அக்டோபரில், காலிப் பீப்பாயைத் தட்டிக்காட்டி,
அவளுடைய அக்காவின் எதிரிலேயே சொன்னேன்.
அக்கா என்னைப் பார்த்தாள்,
பிறகு பீப்பாயை.

பிப்ரவரி.
ஹில்யா வீட்டுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்து
மாற்றிக்கொண்ட கோஸ்தான் தட்டில்.
எது எந்த வாரம் பூத்தது என்று
விதைக் கணக்குக்காக
அவள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஜூலை ஒன்பது, மாலை ஏழு பதினாறு.
சதகுப்பைப் பூ.
கவிழ்க்காத குடைபோல் விரிந்து,
குடைக்கம்பி ஒவ்வொன்றின் நுனியிலும்
இன்னொரு சின்னக் குடை,
அதன் மேல் மஞ்சள் பொடி,
பொடியில் கால் புதைந்த ஓர் எறும்பு.
இத்தனை மாதம் ஊறுகாயில் தின்றிருக்கிறேன்,
இப்படி ஒரு முகம் அதற்கு இருப்பது தெரியாது.

பூவுக்குப் பின்னால், மங்கலாக,
ஒரு நீலத் தீற்று.
என் சட்டை.
இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இரண்டு வாளி.
அதற்கும் பின்னால்,
படலின் கருங்கோடு இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் புல்வெளி,
பச்சையாக, அகலமாக,
திறந்து.

நெடுநேரம் பார்த்தேன்.
இரண்டு கையிலும் வாளி இருந்ததே
என்று யாரிடமோ வாதாடிப் பார்த்தேன்.

"அன்றைக்கே தெரியுமா உனக்கு?"
அடுப்பில் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டே
திரும்பாமல் சொன்னாள்:
"அந்தப் படத்தில் பூ நன்றாக வந்திருக்கிறது."

இந்த வருஷம் படலில் கயிறு கோத்து
ஒரு கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன்,
யார் போனாலும் தானே சாத்திக்கொள்ளும்.
நல்ல வேலைப்பாடு.
ஒரு படம் எடுத்துவையேன் என்றேன்.

முள்ளங்கிப் பாத்தியில் படுத்திருந்தவள்
ஒரு கண்ணை மட்டும் திறந்து
கல்லைப் பார்த்தாள்.

"பூக்குமா?" என்றாள்.