தூக்குக்குண்டு

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
இரண்டாவது பனங்காட்டில் இடப்பக்கம் என்றார்கள்.
பலகையில் மலையாளம் பெரிதாக, தமிழ் சிறிதாக.
இரண்டிலும் குதிரை இல்லை, நேந்திரங்காய் மொத்த விலை மட்டும்.

சிக்கந்தர் ராவுத்தர் அதை
வரப்பு மேட்டில் நிறுத்தி வைத்திருந்தார்.
முன்கால் மேட்டில், பின்கால் பள்ளத்தில்,
குளம்பு மறையும் அளவுக்குப் புல்.
தொழில் தெரிந்தவர்.

"கழுத்துல தேவமணி பாருங்க.
நெத்தியில ஒத்தச் சுழி. கண்ணீர்ச் சுழி கெடயாது.
காது ரெண்டும் நுனி தொடும்,
வெத்தலை நறுக்கி வச்ச மாதிரி."
தொட்டது. மறுக்க முடியாது.
கணவாய்க் காற்று வேறு பிடரியைத் தூக்கித் தூக்கிக் காட்டியது,
அவரிடம் கமிஷன் பேசியதுபோல.

களத்துக்குக் கொண்டு வாங்க, என்றேன்,
நெல் காயும் சிமெண்டுக் களத்துக்கு.

இது ஓட வேண்டாம். தாண்ட வேண்டாம்.
யாரும் ஏறப்போவதில்லை.
கோயம்புத்தூர் மைதானத்தில் கயிறு பிடித்தவன் அருகே
நான்கு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
நிற்பதற்குக் கோப்பை தருகிறார்கள்.
நிற்பது எத்தனை பெரிய வேலை என்று
அறிந்தவர்கள்தான் வைத்திருக்க வேண்டும் இந்தப் போட்டியை.

பிடரியை மறுபக்கம் ஒதுக்கினேன்.
கழுத்தின் மேல்விளிம்பில் பள்ளம் இல்லை.
தொண்டை, தலையைக் கழுத்திலிருந்து சுத்தமாகப் பிரித்தது.
தோள் சாய்வு நாற்காலி போலப் பின்னால் சரிந்தது.
தோள், முதுகு, இடுப்பு மூன்றையும் துப்பட்டாவால் அளந்தேன்.
ஒரே அளவு.
முதுகு குட்டை, வயிற்றுக்கோடு நெடியது.
ராவுத்தர் குதிரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
நல்ல தோளுக்கு முன்னால்
முகத்தை மூடி வைக்க எனக்கு வராது.
விலை ஏறுவது கேட்டது.

பிறகு பின்னால் போனேன்.

கொத்தனார் குண்டு, பித்தளை,
எப்போதும் பையில் கிடக்கும்.
பிட்டத்து எலும்பு முனையில் நூலைப் பிடித்தால்
முட்டியின் நடுவே, கணுவின் நடுவே, குளம்பின் நடுவே
இறங்கித் தரையைத் தொட வேண்டும்.
காற்று விடவில்லை.
குண்டு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும்
சீட்டில்லாமல் போய் வந்தது.

ஒரு மூச்சு நேரம் ஓய்ந்தது.
இடக்கால் நூலோடு இறங்கியது.
வலது முட்டி உள்ளே ஒரு விரல் ஒதுங்க,
குளம்பு வெளியே பார்த்தது,
வகுப்பில் சன்னல் பார்க்கும் பிள்ளை மாதிரி.

"ஒரு விரல்," என்றேன்.

"ஒரு விரலா?" ராவுத்தர் சிரிக்கவில்லை.
"உங்க செருப்புல ஒண்ணு ரெண்டடுக்கு.
அந்தக் கால வச்சுக்கிட்டு
எங் குதிரைக்குக் கோணல் பாக்குறீங்க."

பையன் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான்.

ஆமாம். ஒன்றேகால் அங்குலம்.
அதனால்தான் தெரியும், ராவுத்தரே.
கால் தன் கடனைத் தானே கட்டாது.
இடுப்பு கட்டும், அதுவும் எதிர்ப்பக்கத்து இடுப்பு,
பத்து வருசம் கழித்து ஏதோ ஒரு மாடிப்படியில்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவு:
"ஊர்வலத்துக்குக் கொடுங்க, மிடுக்கா போகும்.
நடுவர் முன்னால ஆகாது."

பதினைந்தாயிரம் குறைத்தார். பிறகு டீ சொன்னார்.
குறைத்ததில்தான் கோணல் அவருக்கும் தெரியும் என்று தெரிந்தது.
டீயில் ஏலக்காய்.

முதலாளிக்குப் போனில் மூன்று தரம் சொன்னேன், வேண்டாம்.
காதின் படம் எனக்கு முன்பே அவரைப் போய்ச் சேர்ந்திருந்தது.
"காது அப்படி இருக்கே," என்றார்.
காதில் நிற்கப் போவதில்லை சார்.

திரும்பினால்
பள்ளிக்கூட நிக்கரோடு சாத்து
என் பின்னால் குந்தியிருந்தான்,
குண்டு கையில், ஒரு கண் மூடி,
நான் கடித்ததுபோலவே நாக்கைக் கடித்துக்கொண்டு.
ராவுத்தர் கை ஓங்கினார்.
இருக்கட்டும் என்றேன்.

நேராக நின்றேன், முடிந்த அளவு.
காற்று ஓயக் காத்திருந்தோம்,
அவன், நான்,
மேட்டுக்குத் திரும்ப மறுத்த அந்தக் குதிரை.

"எவ்வளவுடா?"

"அனங்காதீங்க சேச்சி," என்றான்.
"இன்னும் ஆடுது."