அரைப்பேர்

ஹட்டன், டன்பார் வீதி.
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே பெயின்ட் கலக்கும் மெஷின் ஓடினால்
எங்கள் மேசை நடுங்கும்.
மழை தகரத்தில் விழுந்தால்
பக்கத்து நாற்காலி பேசுவது கேட்காது.

நான் சேர்ந்த அன்று கணினியில் கிடந்தவை:
கொழுந்து
கொழுந்து புதுசு
கொழுந்து புதுசு சரி
கொழுந்து கடைசி
கொழுந்து கடைசி இதுதான் தொடாதே.

தராசிலிருந்து எடை வாங்கிப்
பேர் போடும் மென்பொருள்.
பதினெட்டுக் கிலோ எட்டினால் பேர்,
எட்டாவிட்டால் அரைப்பேர்.
ஒருநாள் கூலிக்குத் தோட்டத்தில்
பேர் என்றுதான் பேர்.

"எல்லாத்தையும் கிட்ல ஏத்துங்க மிஸ்,
இனி ஒண்ணும் தொலையக்கூடாது"
என்றார் பெனடிக்ட் சேர்.
கிட் எனக்குத் தெரியாது.
டேட்டா தீரும்வரை இரண்டு இரவு படித்தேன்.
ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கமிட்;
கமிட்டுக்கு ஒரு பேர், ஒரு நேரம், ஒரு காரணம்.
காரணம் கேட்கும் இயந்திரத்தை
அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தொடாதே என்றதைத் தொட்டேன்.
முதல் கமிட்.
காரணம்: "எல்லாம்".
வேறென்ன எழுதுவது?

அடுத்த வாரம்
கண்டியிலிருந்து தினூஷவும் இங்கிருந்து நானும்
ஒரே வரியைத் திருத்தியிருந்தோம்.
மோதல் என்றது திரை.
அம்புக்குறிகளுக்கு மேலே அவன் வரி, சிங்களக் குறிப்போடு.
கீழே என் வரி, தமிழ்க் குறிப்போடு.
இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது, வைத்தேன்.
எடை இரண்டுமுறை கூடிற்று.
சோதனைத் தரவில் இருந்த அத்தனை பேரும்
அன்று நாற்பது கிலோ எடுத்தார்கள்.
போனில் அவனும் சிரித்தான், நானும்.

அதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான்
பதிவெண் 217.
மூன்று நிறுவை, கூட்டினால் 20.4.
ஏட்டில் 17.4.
அரைப்பேர்.

கால்குலேட்டரில் கூட்டினேன்.
விரல்விட்டும் கூட்டினேன்.

வரி 212. கழிவு = 1.
பக்கத்தில் குறிப்பு: ஈரம், சாக்கு.
நிறுவைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று.
மாசி மாத வெயிலிலும் ஈரம்.
மறுநாள் ஒரு கொழுந்துச் சாக்கைக் கொண்டுவந்து
கீழே ஆணி நிறுக்கும் தராசில் போட்டேன்.
நானூறு கிராம்.
"என்ன விலைக்கு விக்கிறீங்க?" என்றான் கடைப்பையன்.

இந்த வரியை எழுதியது யார்?
அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, பிளேம்.
பழி என்றே வைத்திருக்கிறார்கள்.
அடித்தேன்.

வரி 212: என் பேர்.
இரவு பதினொன்று நாற்பது.
211-உம் என் பேர், 213-உம் என் பேர்,
ஆரம்பத்திலிருந்து அடிவரை என் பேர்.
"எல்லாம்" என்று ஏற்றியவள் நான்தானே.
அதற்கு முன்னால் வரலாறே இல்லை.
எழுதியவர்கள் எழுதிவிட்டுப்
பஸ் ஏறிப் போய்விட்டார்கள்,
கொழும்புக்கோ, கட்டாருக்கோ.
எனக்குத்தான் முழுப்பேர்.

புதுக் கிளை ஒன்று எடுத்தேன்.
ஒன்றை அழித்து 0.4.
காரணம் கேட்டுத் துடித்தது கர்சர்.
"சிறு திருத்தம்" என்று அடித்தேன். அழித்தேன்.
"சாக்கு நானூறு கிராம்தான். நானே நிறுத்தேன்.
217-க்கு 19.2 வரவேண்டும். முழுப்பேர்."
மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் சிக்னல் வரும்.
மடிக்கணினியைக் குழந்தைமாதிரி ஏந்திப்போய்
அங்கே நின்று புஷ் பண்ணினேன்.

பெனடிக்ட் சேர் இன்னும் சேர்க்கவில்லை.
தோட்டத்து ஆபீஸோடு பேசவேண்டுமாம்,
துரை லீவிலாம்.
மெயினில் இன்றும் கழிவு ஒன்று.
கேட்டுப்பாருங்கள், இன்றும் என் பேர்தான் சொல்லும்.

காலையில் வந்ததும் நனைந்த குடையை மடக்குமுன்
மெயினை இழுத்து, என் கிளையை
அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
இதுவரை மோதல் இல்லை.
வந்தால் வரட்டும்.