வில்லங்கம்

சிம்மக்கல்லில் பூட்டுக்கடைக்கு மேல்மாடி என் கடை.
உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள் வந்தார்,
பத்திரம் எழுதுகிறவர்.
டிபன் டப்பாவுக்குள், துவைத்த துண்டு சுற்றி,
ஒரு ஹார்ட் டிஸ்க்.
“பதினாலு நாளைக்கு முந்தி நீங்க குடுத்ததுதான்.
ரெண்டு நாளா இருமுது.”

கேபிளைச் செருகினேன். திரையில் பச்சை.
ஆரோக்கியம்: நன்று. நூற்றுக்கு நூறு.
பச்சையை நான் நம்புவதில்லை.
பள்ளியை விட்டுப் போகிற எல்லாருக்கும்
தலைமையாசிரியர் எழுதித் தரும்
நன்னடத்தை அது.
கீழே போக வேண்டும்,
வலது ஓரத்தில்
யாரும் மதிப்பெண் போடாத எண்களுக்கு.

வெப்பம் நாற்பத்தாறு.
சித்திரை மாதம். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
எழுந்த தடவை பதினான்கு.
இடம் மாறியவை மூன்று:
காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போன மாதிரி,
பழைய விலாசத்தில் கேட்டால்
புதிய இடத்துக்குக் கைகாட்டும்.
நாளுக்கு நாள் ஏறாதவரை பயமில்லை.
காத்திருப்பவை எட்டு.
இதுதான் கெட்ட எண்.
எட்டு அறைகள், தட்டினால் பதில் இல்லை,
செத்ததாக எழுதவும் டிஸ்குக்கு மனசில்லை.

ஓடிய நேரம்: அறுபத்தொரு மணி.

“நாளுக்கு நாலு மணி,
ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் கூடக் கொஞ்சம்.
சரியா வருதே” என்றார்.
சரியாக வந்ததுதான் உறுத்தியது.
அறுபத்தொரு மணியில் எதுவும் இப்படி இருமாது.

உள்ளே இன்னொரு குறிப்பேடு உண்டு,
செய்தவன் தனக்கென்று வைத்துக்கொண்டது.
முன்பக்கத்தை அழிக்கிறவர்கள்
அதை மறந்துவிடுவார்கள்.
கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன்.

இருபத்தாறாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

இருபத்து நாலால் வகுத்தேன்,
முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தேன்.
மூன்று வருஷம், அதற்கு மேல் முப்பத்தொரு மணி.
அதில் ஒச்சம்மாளின் பங்கு அறுபத்தொன்று.
மீதியெல்லாம் எங்கோ, யாருக்கோ,
ஓர் இரவும் கண் மூடாமல் சுழன்றது;
பிறகு துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, உறை போட்டு
புதுசு என்று எனக்கு விற்றார்கள்.
புதுசு என்று அவருக்கு நான் விற்றேன்.
பில்லில் கையெழுத்து என்னுடையது:
குபேந்திரன்.

கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்று சொல்லலாம்.
பச்சையைக் காட்டினால் நம்பிப் போய்விடுவார்.
போன மாதம் மேலூர்க்காரர் ஒருவர்
இதே இருமலோடு வந்தார்.
அவரை அப்படித்தான் அனுப்பினேன்.

சொல்லிவிட்டேன்.
ஒச்சம்மாள் திட்டவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:
“வில்லங்கம் பாக்காமயா வாங்குனீங்க?”

வேறொன்றில் நகல் எடுக்க மூன்றரை மணி நேரம்.
அவர் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.
எட்டு அறைகளில் ஐந்து திறந்தன.
மூன்றில் போனது ஒரு கிரயப் பத்திரத்தின் நடுப்பக்கம்,
வடக்கு எல்லை.
“வடக்கே வீரணன் கிணறு.
அது எனக்கே தெரியும், எழுதிக்கிடுவேன்.”

அவரைக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
அலமாரியில் அதே சரக்கு இன்னும் பதினொன்று,
உறை பிரிக்காமல்.

முதலாவதைச் செருகியிருக்கிறேன்.
ஓடிய நேரம் பூஜ்யம் என்கிறது, பச்சையாக.
போனில் மேலூர்க்காரர் நம்பரைத் தேடி
மேஜைமேல் வைத்துவிட்டு
கறுப்புத் திரையைத் திறக்கிறேன்.