பம்ப்செட் வேலை

வெள்ளத்தில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்த
ஜென் காரின் எஞ்சின்.
எடைக்குப் போக இருந்ததை
ஒன்பதாயிரம் கொடுத்து மீட்டு,
குட்டியானையில் ஏற்றி,
கொருக்குப்பேட்டை கேட்டில் இரண்டு கூட்ஸுக்குக் காத்திருந்து
என் லேத்து வாசலில் இறக்கினாள் ஹமீதா.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
தினமும் நூற்றிருபது அடி மேலே
கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
பெட்டிமேல் பெட்டி வைக்கிறவள்.
"மேல ஏறுறது பழக்கந்தான்.
அங்கர்ந்து எங்கியும் போனதில்ல."

கார் எஞ்சினுக்கு ஓய்வு தெரியும்.
மூலக்கொத்தளம் சிக்னலில் மூச்சு வாங்கும்,
பாலத்து இறக்கத்தில் சும்மா உருளும்,
நின்றுபோனால் தள்ள நாலு பேர் வருவார்கள்.
மேலே யார் வருவார்?
அங்கே மணிக்கணக்கில்
முக்கால் வேகம், ஒரே மூச்சு.

ஐயாயிரம் சுற்றினால்தான் இதற்கு வலு.
விசிறியோ இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால்
முனை கிழிந்து கத்தும்.
இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பேச
சின்னதும் பெரியதுமாய்ப் பல்வைத்த புல்லி, ஒரு பெல்ட்.
அதுதான் என் வேலை.

முதல் ஷாஃப்ட் ஆயிரத்து எண்ணூறில் நடுங்கி
பிழிந்த துணிபோல் முறிந்தது.
இரண்டாவதும் அதே எண்ணில்.
உடைந்த முகத்தில் சாய்வாக ஓடிய வெட்டைப்
பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன்.
அந்த எண்ணில் நிற்கக் கூடாது.
கடந்துவிட வேண்டும்.

ஞாயிறு ராத்திரி, தெரு அடங்கியதும்
சக்கரம் வைத்த சட்டத்தைக்
கரண்ட் கம்பத்தோடு கயிற்றில் கட்டி
நடுவில் காசிமேட்டு மீன் தராசைக் கோத்தோம்.
அன்று காலை சுறா தொங்கிய கொக்கி.
சாவி போட்டாள்.
எதிர்வீட்டு மாடிக் கொடியிலிருந்து
இரண்டு லுங்கிகள் கிளம்பிப் போயின.
பறந்தது இதுவரை அவைதான்.
முள் நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் நின்றது.
நூற்று முப்பது வேண்டும்.
ஹமீதா தன் இடுப்பைப் பார்த்தாள்,
அப்புறம் ரேடியேட்டரை.
"தண்ணிதான் கனம்" என்றாள்.

ஜன்னல்கள் திறந்தன.
"இன்னா மேட்டரு, இந்நேரத்துல?"
வாயில் வந்தது:
"மழைத்தண்ணி எறைக்கிற பம்ப்செட்."
பில் புத்தகத்திலும் அதையே எழுதினேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது.
மூன்றாவது ஷாஃப்ட் லேத்தில் சுற்றுகிறது.
எதிர்வீட்டு லோகாம்பாள்
லுங்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்
"பம்பு ரெடியா? மானம் இருட்டினு வருது" என்று
தெருவில் வசூலித்த
ஆயிரத்து நாற்பது ரூபாயை, டீசலுக்காம்,
சில்லறையோடு என் கையில் வைத்தாள்.

பெட்ரோல் எஞ்சின் என்று மட்டும் சொன்னேன்.