மறித்தவன் சாட்சி

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே
டீக்கடையில் இன்றும் அதே வழக்கு:
கலியவரதனா, அந்துவானா?
இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து
சர்க்கரை குறைத்த டீ வாங்கித் தருகிறார்கள்.
நான் மின்வாரிய அணி.
பதினோரு வருடத்தில் நான் போட்ட புள்ளிகள் எத்தனை,
யாரும் கேட்டதில்லை.
இருவரையும் மறித்தவன் நான் ஒருவன்தான்,
அதற்குத்தான் டீ.

கலியவரதன் ஐந்தடி எட்டு.
நெல்லிக்குப்பம் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து
மொலாசஸ் வாடையோடு வந்து நிற்பார்.
குதிக்கமாட்டார். அவ்வளவாக ஓடவும் மாட்டார்.
பந்தைத் தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்:
"உங்க தெருவுல அட்வான்ஸ் எவ்ளோ கேக்கறான்?"
தொகையை நான் நினைத்துப் பார்க்கும் அரை நொடியில்
பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்திருக்கும்.
தானே புயல் எங்கள் வளையத்தைச் சாய்த்துப் போட்டபோது
நாங்கள் எல்லோரும் மனு எழுதினோம்.
அவர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து
கோணல் வளையத்துக்குப் பந்து எங்கே பட வேண்டுமென்று
பலகையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார்.
புது வளையம் வந்த அன்று
மைதானத்திலேயே முகம் வாடியவர் அவர் ஒருவர்தான்.
பத்தொன்பது வருடம்.
கடைசி வருடம் நின்ற இடத்தைவிட்டு நகரவேயில்லை.
அப்போதும் ஏமாந்தேன்.

அந்துவான் மூன்றே சீசன்.
உப்பளத்தில் முதல்முறை மறித்தபோது
என் கண்ணுக்கு நேரே அவன் பனியன் எண் இருந்தது,
அப்புறம் இடுப்பு,
அப்புறம் ஷூவின் அடிப்பக்கம்.
குதிகால் ரப்பர் தேய்ந்திருந்ததுவரை எனக்கு ஞாபகம்.
யாரோடும் பேசமாட்டான். தவறவிட்டால் மட்டும்
பிரெஞ்சில் ஒரு சொல், தனக்குத்தானே.
பாஸ் கொடுக்கமாட்டான் என்பார்கள். பொய்.
கொடுப்பான். வாங்க வேண்டியவன்
அந்த இடத்துக்கு இன்னும் வந்திருக்கமாட்டான்.
நான்காம் சீசனுக்கு முன் பாஸ்போர்ட் வந்தது.
துலூசில் கிடங்கு வேலை என்றார்கள்,
பட்டாளம் என்றார்கள்.
பந்தைத் தொடுவதில்லை என்பதை மட்டும்
எல்லோரும் ஒரேமாதிரி சொன்னார்கள்.

ஆளவந்தார் டைரியைப் புரட்டிச் சராசரி வாசிக்கிறார்:
அவர் பதினாறு, இவன் இருபத்தேழு.
"அவனுக்கு வயசே ஆவலியே,
சராசரி எப்படிய்யா எறங்கும்?" என்கிறது ஒரு பெஞ்சு.
"பத்தொம்பது வருஷம் ஆடுனா
எங்க வூட்டுக் கன்னுக்குட்டிகூட ஆயிரம் போடும்"
என்கிறது மறு பெஞ்சு.

நேருக்கு நேர் அவர்கள் ஆடியதே இல்லை.
ஒரேயொரு இறுதிப் போட்டி, மழை.
காசு சுண்டிக் கோப்பையைக் கொடுத்தார்கள்.
ஆக, இருவரும் மோதிக்கொண்ட ஒரே ஆடுகளம்
என் உடம்புதான்.
வலது கணுக்கால் கலியவரதனுடையது,
போகாத திசைக்குப் போனபோது பிசகியது.
கீழ்விலா இரண்டும் அந்துவானுக்கு.
காட்டச் சொன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன்.
இடது காலைப் பற்றிச் சொல்வதில்லை.

அது ஓ.டி. பௌசியாவுடையது.
விடிகாலை ஐந்தரை, ஆள் குறைந்த நாள்,
சும்மா கணக்குக்குச் சேர்த்துக்கொண்டோம்.
நாலு முறை வந்தாள், நாலு முறையும் என் இடப்பக்கம்.
நாலாவது பந்தை எடுத்துக் கையில் கொடுத்து,
"சார், ஒங்களுக்கு அந்தக் கால் லேட்டா வருது."
அவர் பத்தொன்பது வருடத்தில் பார்க்காததை,
அவன் பார்த்தும் பொருட்படுத்தாததை,
பத்து நிமிடத்தில்.
அந்த வருடம் பெண்கள் அணிக்கு பஸ் காசு ஒதுக்கவில்லை.
அவளுக்கு டைரியில் சராசரி இல்லை.

இன்று சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்:
"மூணாவதா ஒருத்தங்க..."
"மொதல்ல இந்த ரெண்ட முடிங்க" என்றார் ஆளவந்தார்.
புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.
அந்தக் கால் லேட்டாகத்தான் வந்தது.